தவிட்டுக்கு மீட்காத பெயர்

பாண்டித்துரையைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் இது அவருடைய கதை இல்லை. ஜீப் ஓட்டும் சுருளிவேலின் கதை. சுருளிவேலுடைய அப்பாவின் பெயரைப் பற்றிய கதை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நான் மலைக்கு மேலே, பூப்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வீடு போடியில். ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் மலையேறும் ஜீப்புகளில் சுருளிவேலின் ஜீப்பும் ஒன்று. அதில் முன்சீட்டு ஓரம் என்னுடையது. மற்ற ஜீப்புகளின் கண்ணாடிக்கு மேலே சாமி பெயரோ பிள்ளைகள் பெயரோ இருக்கும். இவருடையதில் மஞ்சள் பெயிண்டில் ‘பக்கிரி’ என்று இருக்கும். அது அவர் அப்பா. சுருளிவேல் அதிகம் பேச மாட்டார். ஆளை அடைத்து ஏற்றவும் மாட்டார். எஸ்டேட்டிலிருந்து சூப்பர்வைசர் போனில் கத்தினால், “எடமில்ல சார். யார எறக்கட்டும், நீங்களே சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். போடிமெட்டு வளைவில் உருண்ட ஜீப்புகளுக்குள்ளிருந்து ஆட்களைத் தூக்கப் போனவர் அவர்.

அந்தப் பெயரைப் பார்த்து இளிக்கிறவர்கள் உண்டு. சினிமாவில் பக்கிரி என்றால் கழுத்தில் கைக்குட்டை கட்டிய ரவுடி அல்லவா. என் வகுப்பிலேயே ஒருவன் இன்னொருவனை ‘போடா பக்கிரி’ என்று திட்டியபோது பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு அரபு தேசம் வரை போய் வந்தேன். ஃபகீர் என்றால் ஏழை, தேவையுள்ளவன். ஆண்டவனிடம் மட்டும் கையேந்துகிறவன் என்று பிறகு அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கூடியது. அதைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் நம் வாசல்களில் நின்று சாம்பிராணி போட்டார்கள், காய்ச்சல்காரப் பிள்ளைகளை மயிலிறகால் தடவி ஓதிவிட்டார்கள். நாம் அவர்களைப் பக்கிரி என்றோம். சொன்னதோடு நிற்காமல் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தோம். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் நெற்றி நிறையத் திருநீறோடு பக்கிரிசாமிகள் இருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களோடு அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் அங்கே குடும்பப் பெயராகவே நின்றுவிட்டது. வடக்கே மராட்டியத்திலும் வங்காளத்திலும் சிந்திலும் ஃபகீர் என்று முடிகிற பெயர்கள் இருக்கின்றன. அத்தனை பேரும் ஒரே சாதியா, ஒரே மதமா? ஒன்றும் கிடையாது. நம் பக்கத்தில் அந்தப் பெயர் வந்த வீடுகளில் பெரும்பாலும் நடந்தது ஒன்றுதான். பிள்ளையைப் பறிகொடுத்துப் பறிகொடுத்துப் பயந்துபோன ஒருத்தி, அடுத்த பிள்ளையைக் கொண்டுபோய் ஓர் ஏழையின் மடியில் போட்டிருப்பாள்.

ராசிங்காபுரத்தில் அப்படிப் போட்டவள் வீரலட்சுமி. சுருளிவேலின் அப்பாவைப் பெற்றவள். அவளுக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னால் பிறந்தது ஒன்றும் தங்கவில்லை. அந்தக் காலத்தில் மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில், சுமைக்காரர்கள் இளைப்பாறும் பாறை ஓரமாக மதார்சா என்ற பக்கிரி குடியிருந்தார். மனைவி மக்கள் உள்ளவர்தான். பச்சைப் பிள்ளையை அவர் மடியில் போட்டுவிட்டு வீரலட்சுமி வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளை தங்காத வீடுகளில் இது எல்லாரும் செய்வதுதான். பிள்ளையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம், இது எங்களுடையது இல்லை என்று எமனுக்குக் கணக்குக் காட்டுவது. பிறகு ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. பெயர் மட்டும் பக்கிரி என்றோ பிச்சை என்றோ ஒட்டிக்கொள்ளும்.

மதார்சா அன்று சாயங்காலமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, பால் கொடுக்கச் சொல்லி அவள் கையில் கொடுத்தார். தவிடுதான் அவள் கொடுக்கவில்லை. மறதி இல்லை, பயம். திரும்ப வாங்கிவிட்டால் அது மறுபடியும் தன் பிள்ளை, தன் பிள்ளை என்றால் தங்காதே என்று நினைத்தாள். பல் முளைக்கட்டும், நடக்கட்டும், அம்மை வார்த்து எழுந்திருக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போய்க் கடைசிவரை வாங்கவே இல்லை. வளர்த்தது அவள், பிள்ளை அவருடையது. மதார்சா இறந்தபோது அவள் வீட்டை மெழுகிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு சாயபு செத்ததற்கு உனக்கு என்ன வந்தது என்று கேட்டார்கள். “எம்மகன இன்னும் நான் மீட்கலை. அப்பன் செத்தா மகன் தீட்டுக் காக்க வேணாமா” என்றாளாம்.

அன்றைக்குத் தொடங்கியது இந்தப் பங்காளி முறை. மதார்சாவின் பேரன் இபுராம்சா சுருளிவேலுக்கு அண்ணன். சுருளிவேலின் மகள் தமிழினிக்குப் பெரியப்பா. பக்கிரி செத்தபோது இபுராம்சா சுடுகாடு வரை பாடையைச் சுமந்தார். இபுராம்சாவின் அப்பா போனபோது சுருளிவேல் மொட்டையடித்து மீசையை எடுத்தார். இரண்டு பக்கத்திலும் இதற்கு முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பக்கிரியின் பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் அந்தப் பெயர் ஒரே எழுத்தில் ஒளிந்துகொண்டது. ‘ப. சுருளிவேல்’ என்றால் அது பழனியா, பரமனா, பக்கிரியா என்று யார் கேட்கப் போகிறார்கள். மலைக்கு மேலே கேரளத்தில் அது நடக்காது. அங்கே எதற்கெடுத்தாலும் வீட்டுப்பேர் கேட்பார்கள். நம் ஆட்களுக்கு ஏது வீட்டுப்பேர்? சாந்தன்பாறையில் குடியேறிய சுருளிவேலின் தம்பி, வாயில் வந்த அப்பா பெயரைச் சொன்னார். இப்போது அவர், அவர் பிள்ளைகள், பேரன் எல்லாரும் ‘பக்கிரி வீடு’. இன்னொரு தம்பி துபாய்க்குப் போனார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் விழுந்ததால் அங்கே அவர் மிஸ்டர் பக்கிரி. கூட வேலை பார்க்கும் சூடான்காரர் ஒருவர் முதல் நாளே சலாம் சொல்லிவிட்டு, உங்கள் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா என்று இவருக்கே விளக்கினாராம். சுருளிவேல் அதைச் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. அவர் சிரிப்பது அபூர்வம்.

இந்தப் பெயர்தான் பாண்டித்துரைக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. பொட்டிபுரம் பக்கம் தென்னந்தோப்பும் மாடி வீடும் உள்ளவர். அவர் மகன் ராம்பிரசாத்துக்குப் புனேயில் கம்பெனி வேலை. தமிழினி போடியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறாள். தூரத்துச் சொந்தத்தில் வந்த சம்பந்தம். நிச்சயம் முடிந்த பிறகு இரண்டு பேரும் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். அந்த மாதங்களில் அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த களையை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்கு அதுதான் காரணம்.

பத்திரிகை அடிக்கும்போது பாண்டித்துரை ஆரம்பித்தார்.

“சம்பந்தி, வர்றவக எல்லாம் பெரிய எடம். பக்கிரி பேத்தின்னு சாயபுமாரு பேரப் போட்டா ஒரு மாதிரியா நெனப்பாக. பெருமாள்னு போட்ருவோம். செத்தவரு வந்து கேக்கவா போறாரு.”

“எங்கப்பன் பேரு பெருமாள் இல்லங்க.”

“ஒங்களுக்கு ஒலகம் தெரியல. புனேயில வாடகைக்கு வீடு குடுக்கிறவனே பேரப் பாத்துட்டுத்தான் சாவியக் குடுக்கிறான்.”

“அப்படிப்பட்டவன்கிட்ட நாம எதுக்குங்க வீடு கேக்கணும்?”

சுருளிவேல் அதற்கு மேல் வாதாடவில்லை. பெண் வீட்டுப் பத்திரிகை பெண் வீட்டார் பாடு என்று தன் பத்திரிகையில் ‘பக்கிரி அவர்களின் பேத்தி’ என்றே அடித்தார். பாண்டித்துரை அதை விழுங்கிக்கொண்டார். விழுங்கியது செரிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கல்யாணம் நெருங்கி வந்த நேரத்தில் இபுராம்சா செத்துப்போனார். ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருந்தவர். டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. சந்தூக்குப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனபோது சுருளிவேல் முன்பக்கம் தோள் கொடுத்தார். குழியில் மண் தள்ளினார். வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டுப் பாண்டித்துரைக்குப் போன் போட்டார். துக்கம் கேட்கப் போன நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஜீப் சத்தத்தில் அவருக்கு ஒரு காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“சம்பந்தி, பங்காளி வீட்டுல கேதம். நல்ல வேளைக்கு முகூர்த்தக்கால் இன்னும் ஊனலை. தீட்டுக் கழியட்டும், அடுத்த முகூர்த்தத்துல வச்சுக்கிருவோம்.”

“அடடா. யாரு, ராசிங்காபுரத்துப் பங்காளியா?”

“இபுராம்சா அண்ணேன்.”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. “சாயபு செத்ததுக்கு நமக்கு என்னங்க தீட்டு?”

சுருளிவேல் பொறுமையாக வீரலட்சுமி கதையைச் சொன்னார். நானாக இருந்தால் சிரிப்பு கேட்டதுமே போனை வைத்திருப்பேன்.

“அப்ப அன்னைக்கே தவிட்டக் குடுத்திருந்தா இந்தச் சோலியே இல்ல?” என்றார் பாண்டித்துரை.

“இல்லதான்.”

“சரி, நான் பாத்துக்கிறேன்” என்று வைத்துவிட்டார். கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சம்மதித்துவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை இபுராம்சாவின் வீட்டு வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அவர் மனைவி பாத்துமுத்து இத்தா இருந்தார். கணவன் இறந்தபின் வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் காலம் அது. அறை வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே பெரியம்மாவுக்குத் தமிழினி கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே சுருளிவேல் சவரம் செய்யாத முகத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலிலிருந்து வந்த இரண்டு மூன்று பேரும் நானும் இருந்தோம்.

“தவிடு வந்திருக்கு, எங்க எறக்க?” என்றான் ஆட்டோக்காரன்.

“இங்க மாடே இல்லையேப்பா” என்றார் ஒருவர்.

பின்னாலேயே கார் வந்தது. பாண்டித்துரை இறங்கினார். “மாட்டுக்கு இல்ல, எறக்குப்பா” என்றவர் சுருளிவேலைப் பார்த்துச் சொன்னார். “சம்பந்தி, ஒரு படிதான வழக்கம், நான் ஒரு மூடையே கொண்டாந்திருக்கேன். இந்தம்மா வாங்கிக்கிட்டு, ஒங்க பிள்ளையத் திருப்பிக் குடுத்துட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பங்காளியும் இல்ல, தீட்டும் இல்ல. வெரசா முடிச்சுட்டு குறிச்ச தேதியில கல்யாணத்த நடத்துவோம்.”

முந்தாநாள் இந்த வழக்கத்தைக் கேட்டுச் சிரித்தவர், இன்றைக்கு அதே வழக்கத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கேத வீட்டுக்கு வருகிறார். வீட்டுக்காரரை அடக்கம் செய்த மண் இன்னும் காயவில்லை. பள்ளிவாசலிலிருந்து வந்தவர்களில் ஓர் இளவட்டம், “இதெல்லாம் மார்க்கத்துல கெடையாது, ரெண்டு பேரும் அவங்கவங்க வழிய பாத்துக்கிட்டாத்தான் நல்லது” என்று தன் பங்குக்கு ஒரு வார்த்தை போட்டான். அவனையும் ஒரு முறை முறைத்தேன். யாரும் கேட்காத நேரத்தில் நியாயம் சொல்ல மட்டும் எங்கிருந்தோ ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து பாத்துமுத்துவின் குரல் வந்தது.

“எறக்கச் சொல்லுங்க. நான் வாங்கிக்கிறேன்.”

எல்லாரும் திரும்பினோம்.

“தம்பி, பிள்ளை கல்யாணம் நம்மளால நிக்கப்படாது. தவிடு வந்து சேந்துருச்சு. ஒங்கப்பன மீட்டுட்டுப் போயிருங்க. எங்களுக்கும் ஒங்களுக்கும் ஒண்ணும் இல்ல. தீட்டும் இல்ல. போயி மொகத்தச் செரைச்சுக்கங்க.”

குரல் நடுங்கவில்லை. ஒரு வாரம்கூட ஆகாத துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண், கொழுந்தனைத் தள்ளிவிடுகிறாள், அவன் பெண்ணுக்காக. பாண்டித்துரையின் முகம் மலர்ந்தது. “பாத்தீகளா, அந்தம்மாவே சொல்லிருச்சு” என்றார். அந்த வார்த்தைகளின் பின்னால் என்ன இருக்கிறது என்பது அந்த மனிதருக்கு எட்டவே இல்லை.

சுருளிவேல் அவரைப் பார்க்கவில்லை. கஞ்சிப் பாத்திரத்தோடு வெளியே வந்து நின்ற மகளைப் பார்த்தார்.

“ஆத்தா, இதுல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. எனக்கு என்ன தோணுதுன்னு ஒனக்குத் தெரியும். ஆனா வாழப்போறவ நீ. நீ தவிட்ட எறக்கச் சொன்னா எறக்கிருவோம். அப்பா ஒருநாளும் அதச் சொல்லிக்காட்ட மாட்டேன்.”

தமிழினி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று ராம்பிரசாத்துக்குப் போன் போட்டாள். அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரில் போட்டாள். என்ன நடக்கிறது என்று சொன்னாள். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“அப்பா நம்ம நல்லதுக்குத்தான செய்றாரு. ஒரு மூடை தவிடு, இதுல என்ன இருக்கு?” என்றான்.

“பெரியப்பா செத்து ஒரு வாரம்கூட ஆகலைங்க.”

“தமிழு, கல்யாணம் ஆயிட்டா ஒனக்கு எம்பேருதான வரப்போகுது. பக்கிரி இனிமே ஒனக்கு எதுக்கு?”

“எனக்குச் சரி. எங்கப்பாவுக்கு?”

“அவருக்கென்ன?” என்றான்.

அவள் பாண்டித்துரை பக்கம் திரும்பினாள். அவன் அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்றான். போனை அணைத்தாள்.

“மாமா, பெரியம்மா எனக்காகத்தான் அப்படிச் சொல்றாக. அவுகளுக்கு விக்க மனசில்ல, எங்களுக்கு வாங்க மனசில்ல. மூடைய ஏத்திக்கிட்டுப் போங்க.”

“யோசிச்சுப் பேசு. இத்தோட இது நின்னு போகும்.”

“யோசிச்சுட்டேன் மாமா.”

பாண்டித்துரை சுருளிவேலைப் பார்த்தார். “பிள்ளைய நல்லா வளத்திருக்கீக” என்றார், குத்தலாக. “ஆமாங்க” என்றார் சுருளிவேல். அவ்வளவுதான். பாதி இறக்கிய மூட்டையை ஆட்டோக்காரன் தனியாக முக்கி முக்கி ஏற்றினான். கார் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

அதற்குப் பிறகுதான் திரைக்குப் பின்னால் பாத்துமுத்து வாய்விட்டு அழுதார். “எம்பேச்ச ஒருத்தரும் கேக்கலையே. அவரு இருந்து சொல்லியிருந்தா கேட்டிருப்பீகள்ல” என்று திட்டித் திட்டி அழுதார். தமிழினி உள்ளே போனாள். மாறி மாறி இரண்டு பேர் அழும் சத்தமும் கேட்டது. சுருளிவேல் நாற்காலியை இழுத்துத் திரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கல்யாணம் நின்றுவிட்டது. கடைசி நேரத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று என்னிடமிருந்து எதிர்பார்க்காதீர்கள். ராம்பிரசாத் ஓடி வரவில்லை. ஊரில் வழக்கம்போலப் பேசினார்கள். பெண்ணுக்கு வேறெங்கோ பழக்கம் இருந்திருக்கும் என்றுகூட ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது, நான் டீச்சர். பதினாறாம் நாள் சுருளிவேல் மொட்டையடித்து மீசையை எடுத்தார். மறுநாள் ஜீப்பில் ஏறிய பெண்கள் அவர் தலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார்கள்.

அதற்கும் முன்னால், தீட்டு நாட்களுக்குள், கல்யாணத்துக்குக் குறித்திருந்த அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டுத் தமிழினியைப் பார்க்கப் போனேன். அவள் பாத்துமுத்துவின் வீட்டில் இருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. பெரிய தைரியசாலி என்று அவளைப் புகழ்வதற்காகத்தான் போனேன்.

“ரொம்ப வருத்தமா இருக்காம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

“இருக்கு டீச்சர். அவரு ரொம்ப நல்லாப் பேசுவாரு. ராத்திரியெல்லாம் அதுதான் நெனப்பு” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா ‘அவருக்கென்ன’ன்னு கேட்டாரு பாருங்க டீச்சர். அதத் தாலி கட்டுனதுக்குப் பெறகு, புனேயில வச்சுக் கேட்டிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?”